சுமையை இறக்கிவைக்க ஓரிடம்: வீடற்றோரின் உடைமைகளும் நகரங்களின் கடமையும்

வீடற்றோர் என்ற சொல்லைக் கேட்டதும் கூரையில்லாத மனிதர்களே நமது நினைவுக்கு வருகின்றனர். வெயிலும் மழையும் பனியும் அவர்களை வாட்டுவது பற்றியே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால், வீடு என்பது கூரையோடு முடிந்துவிடுவதில்லை. கதவும் பூட்டும் கொண்டதோர் இடமாகவும் அது இருக்கிறது. காலையில் வேலைக்குப் புறப்படும் ஒருவர் தனது உடுப்புகளையும் பாத்திரங்களையும் பத்திரங்களையும் கையோடு கொண்டு செல்வதில்லை. அவற்றை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையுடன் செல்கிறார். மாலையில் திரும்பும்போது அவை வைத்த இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவரது பகற்பொழுதுக்கு அடிப்படையாக அமைகிறது. வீட்டை இழந்தவர் கூரையோடு சேர்த்து இந்த நம்பிக்கையையும் இழந்துவிடுகிறார் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வீடற்றோரின் உடைமைகளை எங்கே, எவ்வாறு பாதுகாப்பது என்ற கேள்வி இன்று உலகின் பல பெருநகரங்களில் தனியானதொரு பிரச்சினையாக மேலெழுந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஓரிரவை அடிப்படையாகக் கொண்டு மேற்கொள்ளப்பட்ட கணக்கெடுப்பின்படி 771,480 பேர் வீடற்றவர்களாக இருந்தனர். செல்வத்தில் முன்னணியில் நிற்கும் அந்நாட்டில்தான் வீதியோர மூட்டை முடிச்சுகள் தொடர்பான வழக்குகள் சமஷ்டி நீதிமன்றங்கள் வரை சென்றன. பிரான்ஸ், போர்த்துக்கல் ஆகிய நாடுகளில் இதற்கெனத் தனி நிலையங்களும் பெட்டகங்களும் அமைக்கப்பட்டன. மேலோட்டமாக நோக்குமிடத்து இது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆயினும், வீடற்ற நிலையிலிருந்து ஒருவர் மீள்வதா அல்லது அதிலேயே அமிழ்ந்துபோவதா என்பதைப் பல சந்தர்ப்பங்களில் இந்த அற்ப விடயமே தீர்மானிக்கிறது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூட்டையோடு கட்டுண்ட வாழ்க்கை

தெருவில் வாழும் ஒருவரது ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். படுக்கை விரிப்பு, போர்வை, மாற்றுடை, ஓரிரு பாத்திரங்கள், மருந்து, சில பத்திரங்கள் என அவரிடம் இரண்டு மூன்று பைகள் இருக்கும். இவற்றை ஒரு மூலையில் வைத்துவிட்டு அவர் எங்கும் செல்ல முடியாது. சென்றால் களவு போகும். களவு போகாவிட்டால் நகர சுத்திகரிப்புப் பணியாளர்கள் குப்பையென அள்ளிச் சென்றுவிடுவர். எனவே, செல்லுமிடமெல்லாம் அவற்றைச் சுமந்து செல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இந்நிலையில் அவர் வேலை கேட்டு ஒரு கடைக்கோ தொழிற்சாலைக்கோ செல்கிறார் என வைத்துக்கொள்வோம். பைகளுடன் வாசலில் நிற்கும்போதே அவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. அவர் வாய் திறப்பதற்கு முன்னரே பதில் முடிவாகிவிடுகிறது. ஒருவாறு வேலை கிடைத்தாலும் எட்டு மணி நேரம் அந்தப் பைகளை யார் பார்த்துக்கொள்வது? வைத்தியசாலைக்குச் சென்றால் வரிசையில் நிற்க வேண்டும். பரிசோதனை அறைக்குள் பைகளைக் கொண்டுசெல்ல முடியாது. நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டியிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் தடுத்து நிறுத்தப்படுவார். பொதுக் குளியலறையில் குளிப்பதற்குக்கூட யாராவது ஒருவரின் தயவு தேவைப்படுகிறது. இரவிலும் பையைத் தலையணையாக்கி, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே உறங்க வேண்டியுள்ளது. நிம்மதியான உறக்கமின்றி விடியும் அடுத்த நாளில் அவரால் எந்தக் கருமத்தைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும்?

இரவுத் தங்குமிடங்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் பல ஒருவர் கொண்டுவரக்கூடிய பொதிகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தியுள்ளன. இடநெருக்கடி காரணமாக இவ்விதி தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால், அங்கு செல்பவர் ஓரிரவுக் கட்டிலுக்காகத் தன்னிடம் எஞ்சியிருப்பவற்றில் பாதியைத் தெருவில் விட்டுச்செல்ல நேரிடுகிறது. மறுநாள் மீண்டும் தெருவுக்கே வரவேண்டும் என்பதை அறிந்த ஒருவர் போர்வையைக் கைவிட்டுச் செல்ல மறுப்பதில் வியப்பில்லை. அவ்வாறு மறுப்பவரைத்தான், "இடம் கொடுத்தாலும் வரமாட்டார்கள்" என்று அதிகாரிகள் குறை கூறுகின்றனர்.

தெருவில் வாழும் பெண்களுக்கு இச்சுமை இன்னும் பாரமானது. உடைமைகளுக்குக் காவலிருப்பதற்காகப் பாதுகாப்பற்றதோர் இடத்தில் தங்கவும், காவலுக்கு ஒருவரின் துணையை நாடி அதற்கு விலை கொடுக்கவும் அவர்கள் தள்ளப்படும் அபாயம் உண்டு.

குப்பையும் உடைமையும்

வீதியோரத்தில் கிடக்கும் ஒரு மூட்டையைக் கடந்து செல்வோரின் கண்ணுக்கு அது அழுக்குத் துணியாகவே தெரியும். அதனுள் என்ன இருக்கிறது என்பது அதன் சொந்தக்காரருக்கு மாத்திரமே தெரியும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், வைத்தியசாலை அட்டை, நீரிழிவுக்கோ இருதய நோய்க்கோ உரிய மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, கையடக்கத் தொலைபேசி, தொழிலுக்குரிய கருவிகள், இறந்துபோன தாயின் புகைப்படம் என்பன அதற்குள் இருக்கக்கூடும். சந்தை விலையில் இவற்றின் பெறுமதி சொற்பம். ஆனால், இவற்றை இழந்தவர் செலுத்தும் விலை பெரிது.

குறிப்பாக, ஆவணங்களின் இழப்பு ஒரு சங்கிலித் தொடராகப் பின்னிழுக்கிறது. அடையாள அட்டை இல்லாதவர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. வீட்டு உதவித் திட்டத்தில் பெயரைப் பதிவுசெய்ய முடியாது. உதவிப் பணத்தைப் பெற முடியாது. புதிய அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பெற அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். இரண்டுக்கும் முகவரி வேண்டும். மாதக்கணக்கில் அலைந்து இவற்றைப் பெற்று, வீட்டுக்கான வரிசையில் தனது முறை நெருங்கிவரும் வேளையில், பத்து நிமிடத் துப்புரவு நடவடிக்கையொன்றில் அனைத்தும் பறிபோகுமாயின் அவர் மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறார். அவரது வழக்கைக் கையாண்ட சமூக சேவை உத்தியோகத்தரின் உழைப்பும் அரசு செலவிட்ட பணமும் அதனுடன் வீணாகின்றன.

நீதிமன்றங்கள் கூறியவை

இப்பிரச்சினையில் சட்டத்தின் நிலைப்பாடு என்ன என்பதை அமெரிக்க நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஓரளவு தெளிவாக்கியுள்ளன. மியாமி நகரில் பொலிஸார் பூங்காக்களில் தங்கியிருந்தோரின் உடைமைகளை அழித்தமை தொடர்பான வழக்கில், அது அரசியலமைப்பை மீறிய செயல் என 1992 இல் சமஷ்டி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் இத்தகைய அழிப்புக்கு எதிராக 2006 இல் தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. 2008 இல் 23 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் பெறுமதியான இணக்கப்பாட்டுடன் அவ்வழக்கு முடிவுக்கு வந்தது.

இவை எல்லாவற்றிலும் அதிகம் பேசப்படுவது லொஸ் ஏஞ்சல்ஸ் வழக்காகும். அந்நகரின் மையப் பகுதியில் ஏறத்தாழ ஐம்பது கட்டடத் தொகுதிகளில் பரந்துள்ள 'ஸ்கிட் ரோ' என்னும் பகுதி பல தசாப்தங்களாக வீடற்றோர் பெருமளவில் செறிந்து வாழும் இடமாக இருந்து வருகிறது. 2011 இன் முற்பகுதியில் அங்கு வாழ்ந்த சிலர் உணவருந்தவும் குளிக்கவும் கழிவறைக்குச் செல்லவும் நீதிமன்றத்தில் ஆஜராகவும் சென்றிருந்த சிறு இடைவெளியில் நகரப் பணியாளர்கள் பொலிஸாரின் துணையுடன் அவர்களது உடைமைகளைக் கைப்பற்றி அழித்துவிட்டனர். இவை கைவிடப்பட்ட பொருட்கள் அல்ல, சொந்தக்காரர்கள் திரும்பி வருவார்கள் என அங்கிருந்த ஏனையோர் மன்றாடியும் பயன் கிட்டவில்லை என்று மனுதாரர்கள் முறையிட்டனர். அடையாள ஆவணங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், மருந்துகள், குடும்ப நினைவுப் பொருட்கள் என்பன இழக்கப்பட்டவற்றுள் அடங்கியிருந்தன.

நடைபாதையில் பொருட்களை விட்டுச்செல்வதைத் தடைசெய்யும் நகர விதியை மீறியவர்களுக்கு அப்பொருட்கள் மீது பாதுகாப்புக் கோரும் உரிமை இல்லை என நகர நிருவாகம் வாதிட்டது. 2012 செப்டெம்பரில் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் இவ்வாதத்தை நிராகரித்தது. விதியை மீறியவரைத் தண்டிப்பது வேறு, அவரது பொருளை முன்னறிவித்தலின்றிக் கைப்பற்றி அழிப்பது வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரமாகும். நகரின் வாதத்தை ஏற்றால், தவறான இடத்தில் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகனத்தையும் அரசாங்கம் எடுத்து நொருக்கிவிடலாம் என்றாகிவிடும் என நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. செல்வந்தரின் காரை அவ்வாறு செய்ய எவரும் துணியமாட்டார். ஏழையின் மூட்டைக்கும் அதே சட்டம்தான் என்பதை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. அவ்வழக்கில் விதிக்கப்பட்ட தடையுத்தரவின்படி, ஆபத்தற்ற பொருட்களைக் கைப்பற்ற நேர்ந்தால் அவற்றைக் குறைந்தது 90 நாட்கள் பாதுகாப்பானதோர் இடத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2013 இல் இவ்விடயத்தில் தலையிட அமெரிக்க உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பருமனான பொருட்களை உடனடியாக அழிக்க இடமளித்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இன்னுமொரு விதியும் 2021 இல் அதே மேன்முறையீட்டு நீதிமன்றத்தினால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

2021 இல் வாஷிங்டன் மாநில உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றும் கவனத்திற்குரியது. சியாட்டில் நகரில் தனது டிரக் வண்டியிலேயே வாழ்ந்து வந்த ஒரு தொழிலாளியின் வண்டி, ஒரே இடத்தில் 72 மணித்தியாலங்களுக்கு மேல் நிறுத்தப்பட்டிருந்தமைக்காக 2016 இல் இழுத்துச் செல்லப்பட்டது. அவரது தொழிற் கருவிகளும் அதனுள்ளேயே இருந்தன. வீட்டோடு சேர்த்துத் தொழிலையும் அவர் இழந்தார். அவ்வண்டி அவரது இல்லமாகக் கருதப்பட வேண்டும் எனவும், அவர் மீது சுமத்தப்பட்ட 547 டொலர் கட்டணம் அளவுக்கு மீறிய தண்டம் எனவும் அந்நீதிமன்றம் முடிவு செய்தது.

எனினும், 2024 ஜூன் 28 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் மற்றுமொரு முக்கிய தீர்ப்பை வழங்கியது. பொது இடங்களில் தங்கி உறங்குவதைத் தடைசெய்யும் விதிகளை நடைமுறைப்படுத்துவது கொடூரமான, வழமைக்கு மாறான தண்டனையாகாது என ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அது தீர்மானித்தது. அதனைத் தொடர்ந்து பல நகரங்கள் வீதியோரக் கூடாரங்களை அகற்றுவதில் தீவிரம் காட்டின. அத்தீர்ப்பு மனிதர்களை அகற்றுவது பற்றியதேயன்றி அவர்களது உடைமைகளை அழிப்பது பற்றியதன்று. ஆனால், நடைமுறையில் கூடாரம் அகற்றப்படும்போது அதனுள் இருப்பவற்றின் கதி என்ன என்பதே முதற் கேள்வியாகிறது. எனவே, பாதுகாப்பகங்களின் தேவை முன்னரைவிட இப்போது அதிகரித்துள்ளது என்றே கூற வேண்டும்.

பூட்டும் சாவியும்

இனி, மேற்கொள்ளப்பட்ட பரிகாரங்களை நோக்குவோம். லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்கிட் ரோ பகுதியில் ஒரு பண்டகசாலை வீடற்றோருக்கான இலவசப் பாதுகாப்பகமாக இயங்கி வந்துள்ளது. அங்கு ஒவ்வொருவருக்கும் 60 கலன் கொள்ளளவுடைய, சில்லுகள் பூட்டிய தொட்டியொன்று வழங்கப்பட்டது. நகர சபைகள் குப்பை சேகரிப்பதற்குப் பயன்படுத்தும் அதே வகைத் தொட்டிதான் அது. குப்பையென அள்ளிச் செல்லப்பட்ட பொருட்கள் அதே தொட்டிக்குள் உடைமையாகப் பாதுகாக்கப்பட்டன. வேறுபாடு அதில் ஒட்டப்பட்ட பெயரிலும் இலக்கத்திலுமே இருந்தது. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலும் 2009 இல் உடைமைகள் அழிக்கப்பட்டதையடுத்துத் தொடரப்பட்ட வழக்கின் பலனாக 2011 இல் இத்தகைய நிலையமொன்று திறக்கப்பட்டது.

பாரிஸ் நகரின் மத்தியில் லே ஹால் பகுதியில் 2007 இல் ஆரம்பிக்கப்பட்ட பாதுகாப்பகத்தின் பெயர் 'மான் லிப்ர்' என்பதாகும். 'சுதந்திரமான கைகள்' என்பது அதன் பொருள். பெயரிலேயே அதன் நோக்கம் அடங்கியிருக்கிறது. சுமையை இறக்கிய கைகளால்தான் கதவைத் தட்டவும் விண்ணப்பத்தை நிரப்பவும் வேலை செய்யவும் முடியும். அப்பகுதி வாசிகளும் வீடற்றோரும் ஒன்றிணைந்து அதனை உருவாக்கி நடத்தி வருகின்றமை அதன் சிறப்பாகும். உதவி பெறுபவர் என்ற நிலைக்கு அப்பால், நிருவகிப்பவர் என்ற பொறுப்பும் அங்கு அவர்களுக்கு உண்டு.

போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் 2010 களில் தொண்டு அமைப்பொன்று மற்றொரு வழியைக் கையாண்டது. அங்கு பெட்டகங்கள் கட்டடத்துக்குள் வைக்கப்படாமல் வீதியோரத்திலேயே நிறுவப்பட்டன. சாவி பயன்படுத்துபவரின் கையில் இருக்கும். நினைத்த நேரத்தில் அவரே திறந்துகொள்ளலாம். பெட்டகத்தைத் துப்புரவாக வைத்திருப்பதாகவும் சமூகப் பணியாளர்களுடன் தொடர்பைப் பேணுவதாகவும் அவர் உறுதியளிக்க வேண்டும். இதனால், இதுகாலவரை எங்கு தேடியும் சந்திக்க முடியாதிருந்த ஒருவரை ஒரு குறிப்பிட்ட இடத்தில் சந்தித்துப் பேசும் வாய்ப்பும் கிட்டுகிறது.

இவ்வனுபவங்களிலிருந்து சில பாடங்களைப் பெறலாம். பாதுகாப்பகம் மக்கள் வாழும் இடத்துக்கு அண்மையில் அமைய வேண்டும். ஐந்து மைல் தொலைவிலுள்ள பெட்டகத்துக்குச் சுமையைக் கொண்டு செல்வதே ஒரு நாள் வேலையாகிவிடும். வேலைக்குச் செல்வோர் பயன்படுத்தக்கூடியவாறு அதிகாலையிலும் மாலையிலும் அது திறந்திருக்க வேண்டும். பதிவுக்கு அடையாள அட்டையைக் கட்டாயமாக்கினால் அதனை இழந்தவர்களே முதலில் வெளியே நிற்க நேரிடும் என்பதால், புகைப்படத்தையும் இலக்கத்தையும் கொண்டு பதிவு செய்யும் முறையே பொருத்தமானது. போர்வைக்கும் உடுப்புக்கும் ஒரு தொட்டி போதும். ஆனால், பத்திரங்களுக்கும் மருந்துகளுக்கும் எந்நேரமும் எடுக்கக்கூடிய சிறிய பூட்டுப் பெட்டி தேவை.

எதிர்ப்புகளும் இடர்களும்

இத்திட்டங்கள் எங்கும் எதிர்ப்பின்றி நடைமுறைக்கு வரவில்லை. சான் டியேகோ நகரின் ஷேர்மன் ஹைட்ஸ் பகுதியில் 2018 இல் மற்றுமொரு பாதுகாப்பகம் திறக்கப்பட்டபோது, அயலில் பாடசாலையும் குடியிருப்புகளும் இருப்பதைக் காட்டி அப்பகுதி மக்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தமது பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதை நாம் குறைகூற முடியாது. அதேவேளை, எந்த அயலும் ஏற்க மறுக்குமாயின் அந்த நிலையம் நகரின் ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளப்பட்டு எவருக்கும் பயன்படாமற் போய்விடும் என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு அச்சமும் உண்டு. 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் பின்னர் அமெரிக்க விமான நிலையங்களில் இருந்த நாணயப் பெட்டகங்கள் அகற்றப்பட்டன. ஆளில்லாத பொதி என்றாலே ஐயத்துக்குரியது என்ற மனோபாவம் பரவியது. ஆயுதம், போதைப்பொருள், பழுதடையும் உணவு என்பவற்றைத் தடுக்கும் விதிகள் அவசியம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. பொருட்களுடன் மூட்டைப்பூச்சி பரவாமல் காப்பதும், நெடுநாள் வராதவர்களின் பொருட்களை என்ன செய்வது எனத் தீர்மானிப்பதும் நிருவாகத்துக்குத் தலையிடியான கருமங்களே. இவற்றுக்குப் பணியாளரும் பணமும் வேண்டும். ஆனால், பொருட்களை அழித்துவிட்டு வழக்குகளுக்கு நட்டஈடு செலுத்துவதற்கும் பணம் செலவாகிறது என்பதைப் பிரெஸ்னோ நகரின் அனுபவம் உணர்த்துகிறது.

இன்னுமோர் அபாயமும் கவனத்திற்குரியது. 2016 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தனது விதியைத் திருத்தியமைத்தபோது, மூடி அடைபடும் 60 கலன் தொட்டியொன்றில் அடங்கக்கூடியவற்றுக்கு மேல் ஒருவர் பொது இடத்தில் வைத்திருக்கலாகாது என வரையறுத்தது. உதவியாகத் தொடங்கிய தொட்டி, ஒரு மனிதன் எவ்வளவு உடைமை வைத்திருக்கலாம் என்பதை அளக்கும் மரக்காலாக மாறியது. பாதுகாப்பகம் இருக்கிறது என்பதைக் காட்டி, அங்கு வைக்காதவற்றையெல்லாம் பறிமுதல் செய்வதற்கு அது சாட்டாகிவிடக் கூடாது. அவ்வாறே, பெட்டகம் வழங்கிவிட்டோம் என்று வீடு வழங்கும் கடமையிலிருந்து அரசு நழுவிவிடவும் கூடாது. பெட்டகம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு படி மாத்திரமே.

நாம் அறியாத சுமையன்று

இவையெல்லாம் எங்கோ மேலைத்தேய நகரங்களின் கதைதானே என இலங்கைத் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் எண்ணிவிட முடியாது. ஒரு வாழ்க்கையை ஒரு பைக்குள் அடக்கிக்கொண்டு வெளியேறுவது எத்தகையது என்பதை இவ்விரு சமூகங்களும் அனுபவித்து அறிந்தவை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அம்மாதம் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்டது சில மணித்தியால அவகாசமே. நகைகளும் காணி உறுதிகளும் பறிபோயின. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 இல் அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். 2004 டிசெம்பர் 26 இல் கடல் இரு சமூகத்தவரது வீடுகளையும் பத்திரங்களையும் வேறுபாடின்றி அள்ளிச் சென்றது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் அவசர அவசரமாகப் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்தது. 2009 இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களில் பலரிடம் உடுத்திருந்த உடையைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

இடம்பெயர்ந்தவர்களும் நகரத் தெருக்களில் வாழ்வோரும் ஒரே வகையினர் அல்லர். முன்னையோருக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊராவது இருந்தது. ஆயினும், உடைமையும் ஆவணமும் அற்றவர் மீது நிருவாகம் சுமத்தும் பாரம் இரு சாராருக்கும் பொதுவானதே. 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டிக் கோட்பாடுகளில் 20 ஆவது கோட்பாடு, தொலைந்த ஆவணங்களுக்குப் பதிலாகப் புதியவற்றை நியாயமற்ற நிபந்தனைகளின்றி வழங்க வேண்டும் என்கிறது. விட்டுச்செல்லப்பட்ட உடைமைகள் அழிக்கப்படுவதிலிருந்தும் அபகரிக்கப்படுவதிலிருந்தும் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது 21 ஆவது கோட்பாடாகும். தெருவில் வாழ்வோருக்கும் இந்நியாயம் பொருந்தாது எனக் கூறுவதற்கு எந்தக் காரணமும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

கொழும்பு புறக்கோட்டையில் பகல் முழுவதும் பிறரது மூட்டைகளைச் சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர்களிடையே இரவில் கடை ஓரங்களில் உறங்குவோரும் உள்ளனர். ஊரார் சுமையை இறக்கிவைப்பவருக்குத் தனது சிறு பையை இறக்கிவைக்க ஓரிடம் இல்லை. அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியும் வேண்டும். வதிவிடம் இல்லாதவருக்கு எந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சி வழங்குவார்? யுத்த காலத்தில் அடையாள அட்டையின்றி அகப்பட்டவரும் ஆளின்றிக் கிடந்த பொதியும் எவ்வாறு நோக்கப்பட்டனர் என்பதை நாம் மறந்திருக்க முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1841 இல் இயற்றப்பட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் வீடற்றவரைக் குற்றவாளியாகவே நோக்கியது. அந்த நோக்கு நமது அலுவலகங்களை விட்டு முற்றாக அகன்றுவிட்டதெனக் கூறுவதற்கில்லை.

ஆனால், இதற்கு மாறான மரபொன்றும் நம்மிடம் உண்டு. தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி இளைப்பாறுவதற்காக வீதியோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நாட்டியவர்கள் நமது முன்னோர். பருத்தித்துறைத் தெருமூடி மடம் போன்ற மடங்கள் வழிப்போக்கருக்காகவே கட்டப்பட்டன. பிறர் நம்மிடம் ஒப்படைத்ததை அடைக்கலப் பொருள் என்று தமிழ் மரபு போற்றுகிறது. அமானிதம் பேணுவதை இஸ்லாம் கடமையாக்கியுள்ளது. மக்காவை விட்டுப் புறப்பட வேண்டிய நெருக்கடியான வேளையிலும் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை அலி (ரலி) அவர்களிடம் விட்டே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சென்றார்கள் என்பது வரலாறு. எனவே, ஏழையின் பொருளுக்குக் காவல் நிற்பது நமக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டிய பண்பன்று.

செய்யக்கூடியவை

பெருநிதி தேவைப்படாத சில நடவடிக்கைகளை நமது மாநகர சபைகளும் பொது அமைப்புகளும் உடனடியாகவே ஆரம்பிக்கலாம். பஸ் நிலையங்களுக்கும் புகையிரத நிலையங்களுக்கும் அண்மையில் இலவசப் பெட்டகங்கள் சிலவற்றை நிறுவுவது முதலாவது. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் விகாரைகளும் தமது வளவில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கலாம். ஆவணங்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பாதுகாப்பாக வைத்து, தொலைந்தவிடத்து அவற்றைக் கொண்டே புதியவற்றைப் பெறும் ஏற்பாட்டைச் செய்யலாம். நடைபாதைகளைத் துப்புரவு செய்யும் முன் அங்கு தங்கியிருப்போருக்கு அவர்களது மொழியில் முன்னறிவித்தல் கொடுப்பதும், அகற்றப்படும் பொருட்களைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பதும் விதியாக்கப்பட வேண்டும்.

அனர்த்த காலங்களில் பாடசாலைகளில் அமைக்கப்படும் நலன்புரி நிலையங்களுக்கும் இது பொருந்தும். வெள்ளம் வாசலுக்கு வந்த பின்னரும் மக்கள் வீட்டை விட்டு வெளியேறத் தயங்குவதற்கு உடைமைகள் களவு போய்விடும் என்ற அச்சமும் ஒரு காரணமாகும். சென்று சேரும் இடத்தில் குடும்பத்துக்கொரு பூட்டுப் பெட்டி உண்டு என்ற உறுதி இருந்தால் பலர் நேரத்தோடு வெளியேறுவர். அதனால் உயிர்களும் காக்கப்படும்.

அனைவருக்கும் வீடு என்ற இலக்கை அடையப் பல ஆண்டுகள் செல்லலாம். அதுவரை தெருவில் வாழ்வோர் தமது சான்றிதழையும் மருந்தையும் போர்வையையும் ஒவ்வொரு நாளும் பணயம் வைத்தே வாழவேண்டும் என்பது நியாயமாகாது. ஒரு பூட்டும் ஓர் இலக்கமும் நம்பிக்கைக்குரிய ஒரு காவலாளியும் போதுமான இக்காரியத்தைச் செய்வதற்கு நமது உள்ளூராட்சி மன்றங்கள் முன்வர வேண்டும். அதற்கான கோரிக்கையை அவர்கள் முன் வைக்க வேண்டிய பொறுப்பு, ஒரு காலத்தில் பையுடன் வழியில் நின்ற மக்களாகிய நம் அனைவருக்கும் உண்டு.